கிரைண்டரை நிறுத்தி வைத்த அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

அல்சூர் எங்கள் சந்துக்காரர்களுக்கு வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் டிடிபி கடையில் நடந்ததைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வைரஸ் வரவில்லை, ஹார்ட் டிஸ்க் எரியவும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

லினக்ஸ் மெஷினில் புது எஸ்எஸ்டி மாட்டியிருந்தேன். பழைய டிஸ்கின் பூட் பகுதியை, அதாவது கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் பகுதியை, அதற்கு நகலெடுக்க டிடி கட்டளை அடித்தபோது, எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிப் போட்டுவிட்டேன். டிடி மறுகேள்வி கேட்காது. புது டிஸ்கின் வெற்று முதல் செக்டார் (டிஸ்கின் முதல் துண்டு) பழைய டிஸ்கின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மொத்தமே 512 பைட்தான். ஆனால் அதில் முதல் 446 பூட் கோடு, அடுத்த 64 பார்ட்டிஷன் டேபிள் (டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே என்கிற பட்டியல்), கடைசி இரண்டு 55 ஏஏ என்கிற முத்திரை. அந்தப் பட்டியலைக் காட்டும் எஃப்டிஸ்கில் பார்த்தால் ஒரு பார்ட்டிஷன்கூட இல்லை. பதினோரு வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய மூன்று வேலை, எல்லாம் அதில்தான்.

பவர் பட்டனில் விரலை வைத்துக்கொண்டேதான் மாடி வீட்டுத் தம்பிக்கு போன் போட்டேன்.

"அக்கா, மொதல்ல கைய எடுங்க. ஆஃப் பண்ணினா போச்சு."

பார்ட்டிஷன்கள் மவுன்ட் ஆகி, அதாவது திறந்து, ஓடிக்கொண்டிருந்ததால் லினக்ஸின் மையமான கெர்னல் பழைய டேபிளை நினைவில் வைத்திருந்ததாம். டிஸ்கில் அழிந்தது மெமரியில் அழியவில்லை. மெஷின் உயிரோடு இருக்கும் வரைதான் அந்தச் சலுகை.

முதலில் நகல், அப்புறம்தான் ரிப்பேர் என்றார் தம்பி. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடு கடைக்காரரிடம் சொன்னதும், அட்வான்ஸ் பேச்சே எடுக்காமல் ஒரு யுஎஸ்பி டிஸ்கைப் பையன் கையில் பைக்கில் கொடுத்தனுப்பினார். 140 ஜிபி, பழைய யுஎஸ்பி போர்ட், ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ஆபீஸிலிருந்து வந்துவிட்ட தம்பி, கெர்னல் நினைவில் இருப்பதைக் காட்டும் சிஸ் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் இருக்கிற ஸ்டார்ட், சைஸ் ஃபைல்களைத் திறந்து என்னை எண்களை வாசிக்கச் சொன்னார். முதலாவது 2048-இல் ஆரம்பம். கடைசி சைஸ் பத்து இலக்கம். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, இரண்டு தடவை திருப்பி ஒப்பித்தோம். ஆரம்ப எண்ணில் ஒன்று பிசகினாலும் உள்ளே இருப்பது மவுன்ட் ஆகாது. அதே எண்களை எஸ்எஃப்டிஸ்கில் கொடுத்து டேபிளை எழுதி, லினக்ஸைக் கிளப்பும் கிரப்பை மறுபடி இன்ஸ்டால் பண்ணினார்.

இதெல்லாம் நடக்கையில் என் யுபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாசம். பக்கத்து மாவு மில்லும் என் கடையும் ஒரே லைன். பெரிய கிரைண்டர் கிளம்பும்போது பல நாள் ட்ரிப் ஆகி கரண்ட் போய்விடும். விஷயத்தைச் சொன்னதும் மில் அக்கா ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சனி ஞாயிறு இட்லிக்கு வாசலில் தூக்குச்சட்டியோடு வரிசை. "பக்கத்துல கம்ப்யூட்டருக்கு ஆபரேஷன் நடக்குது, இருங்க" என்று எல்லாரையும் உட்கார வைத்தார். இரண்டு மணி நேரம். நாலைந்து பேர் பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

ரீஸ்டார்ட் ஆகி கிரப் மெனு வந்ததும் சுவரைத் தட்டினேன். அடுத்த நிமிஷம் கிரைண்டர் ஓடியது. அன்றைக்குப் பார்த்து ட்ரிப்பும் ஆகவில்லை!

தம்பிக்கும் எஸ்.பி. ரோடு கடைக்காரருக்கும், காத்திருந்த வரிசைக்கும் நன்றி. நஷ்டத்துக்குக் காசு கொடுத்தால் அக்கா வாங்கவில்லை. மகள் வளைகாப்புப் பத்திரிகை என் பொறுப்பு அக்கா, தேதியை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
டிடிபி கடைக்காரி