வெயிலைப் பற்றிக் கேட்டாயே மகள்

அன்புள்ள மகளுக்கு,

சித்திரைக்கு நீ வருவாய் என்று அம்மா முறுக்கு சுட்டு டின்னில் போட்டு வைத்திருந்தாள். நீ வரவில்லை, போனும் இல்லை. நாலு மாதமாகப் பேச்சே இல்லாமல் இருந்து, நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் நீ எடுத்த பட்டமளிப்புப் படம் ஒன்றும் ஒரே ஒரு வரியும் வந்தது. "வெயில்ல முகமெல்லாம் கறுக்குது, என்ன செய்றது அப்பா?" அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. போனில் பேசினால் கோபத்தில் வேறு எங்கேயாவது போய்விடுவேன், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். ஸ்கூல் வேலையை விட்டதைப் பற்றி இதில் ஒன்றும் கேட்கமாட்டேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அறுபது பேர் இருப்பார்கள், எல்லாருக்கும் கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி. நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது, தொப்பி நிழல் மூக்குவரை இறங்கியிருக்கிறது. பன்னிரண்டே காலுக்கு எடுத்திருப்பாய், சரியா? அதுவும் ஏப்ரலில். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் வருடா வருடம் சொல்கிறதே. மற்ற மாதங்களில் வெயிலை ஆட்களின் முதுகுப் பக்கம் போட்டுச் சமாளிக்கலாம், அந்தப் பத்து நாளில் உச்சி நேரத்தில் அதற்கும் வழியில்லை. ஆகவே முழுப் பிழையும் உன்னுடையது இல்லை. ஆனால் பின்னால் அவ்வளவு அகலமான போர்டிகோ இருக்கிறதே, அதை ஏன் விட்டாய்? விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே ஆட்களை வெளியே பார்க்க நிறுத்தியிருந்தால், திறந்த வானத்து வெளிச்சம் நேராக முகத்துக்கு வந்திருக்கும். மரத்தடிக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதே. இலை இடுக்கால் விழுகிற வெயில் முகத்தில் தேமல் மாதிரி தெரியும்.

நிழலே கிடைக்காவிட்டால் பிளாஷ் போடு. வெயிலில் எதற்குப் பிளாஷ் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கேமராவில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, எஃப் 11, இதுதான் நல்ல வெயிலுக்குக் கணக்கு. கேமரா மேல் மாட்டுகிற சின்ன பிளாஷ் ஆறு மீட்டர் தள்ளி நிற்கிற கூட்டத்துக்கு அந்தக் கணக்கில் முழு வெளிச்சம் தராது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். ஆனாலும் முழு விசையில் அடித்தால் கண்குழிக்குள் இருக்கிற இருட்டு கொஞ்சம் கலையும், அது போதும். பிளாஷ் முகப்பில் மாட்டுகிற வெள்ளை மூடியை, அந்த டிஃப்யூசரை, கழற்றிவிடு. தொப்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, நாடியைத் தூக்கச் சொல். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல், திறந்த உடனே எடு, அடுத்தடுத்து பத்துப் படம் எடு. முன்வரிசைக்கு முன்னால், படத்தில் விழாமல், ஒரு வெள்ளைப் பெட்சீட்டை விரித்தால் கீழேயிருந்து வெளிச்சம் ஏறும். பின்வரிசைக்கு அது எட்டாது, தெரிந்துகொள்.

சாப்பிடுகிறாயா? தம்பி சொன்னான், மெலிந்துவிட்டாயாம். வெயிலில் நிற்கிற நீயும் தொப்பி போடு.

கேமராவில் வெளிச்சம் அளக்கிற மீட்டரை நம்பாதே. கறுப்பு அங்கி நிறைய இருந்தால் அது வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளைச் சட்டை நிறைய இருந்தால் குறைக்கும். முகத்தில் அளந்துகொள். கூட்டத்தில் ஆகக் கறுத்த முகம் யாருடையதோ, அதை விட்டுவிடாதே. RAW ஃபைலாக எடுத்தால் வெள்ளையைப் பிறகு கம்ப்யூட்டரில் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம்.

1952இலிருந்து பேராதனையில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஹட்டனிலிருந்து ரயில் போகிற தூரம்தான், நம் தேயிலைத் தோட்டத்து டிவிஷனிலிருந்து அதற்குள் போன முதல் பிள்ளை நீ. அந்தப் பெருமையில்தான் உன்னிடம் அப்படிக் கத்தினேன். படிக்க வைத்தது கேமரா தூக்கவா என்று கேட்டேன். அதே கேமராவைத் தூக்கித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். ஆனால் வேலையை விட்டதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம் மகள், பஸ்ஸில் வந்த ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? சரி, அதை எழுதமாட்டேன் என்று சொன்னேன், விடு.

வேறு ஒன்று சொல்ல வேண்டும். உன் பட்டமளிப்பு அன்று எடுத்த படத்தில் அம்மாவின் முகம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று நீ கேட்டாய், வெயில் என்று சொன்னேன். வெயில் இல்லை. அம்மா தோட்டத்தில் அன்றைய பேரை, அந்த நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு, அரக்குச் சேலை கட்டி வந்தாள். உன் சிநேகிதிகளின் அம்மாமார் எல்லாம் பட்டில் நின்றார்கள், டவுன் பேச்சு பேசினார்கள். நான்தான் அம்மாவைக் கடைசியில், மரத்துக்குக் கீழே போய் நிற்கச் சொன்னேன். நடுவில் இடம் இல்லை என்று சொன்னேன். இடம் இருந்தது. வெளிச்சத்தையும் நடுவில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர்களைப் பார்த்துத்தான் வைத்தேன். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த நான், கொழுந்து எடுத்த கையோடு வந்த என் பெண்சாதியை ஓரத்தில் நிறுத்தினேன். அப்புறம் கம்ப்யூட்டரில் எவ்வளவோ இழுத்துப் பார்த்தேன், முகம் வரவில்லை, வெறும் புள்ளியாகத்தான் வந்தது. அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள், வருகிற ஆட்களுக்கு எல்லாம் அந்தக் கறுப்பைத் தொட்டுக் காட்டி "இது நான்" என்று சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் ஸ்டூடியோவுக்குக் கிளம்புகிற மாதிரி எழுந்து போய்விடுவேன்.

மே மாதம் இன்னொரு பட்டமளிப்பு ஒத்துக்கொண்டிருக்கிறாயாம், தம்பிதான் சொன்னான். மே மாதம் உச்சி வெயில் வடக்கே சாயும், கட்டடத்துக்குத் தெற்கே ஒடுக்கமாக நிழல் விழும், இரண்டு வரிசை நிற்கலாம். மூன்று மணிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார், கிழக்குப் பக்கத்தில் தாராளமாக இடம் கிடைக்கும். ஓரத்தில் நிற்கிற ஆட்களைப் பார்த்துக்கொள். இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஓரத்தைப் பார்.

அது முடிந்ததும் இரண்டு நாள் வந்து போ. நம் வாசலில் மத்தியானம் மூடுபனி ஏறினால் நிழலே விழாது, உனக்குத்தான் தெரியுமே. அம்மாவை நடுவில் உட்கார வைத்து நீ எடு. நான் பெட்சீட் பிடிக்கிறேன்.

இவ்வளவு நேரமாக என்ன எழுதுறீங்க என்று அம்மா கேட்கிறாள். வெயிலைப் பற்றி என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா