தழும்பைத் தேடிய நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் போனில் சொன்னது எனக்கே சரியாகப் படவில்லை. சங்கத்துக் கணக்கு வழக்கைப் பற்றி நீ கூட்டத்தில் எழுந்து கேட்டாய். அன்று ராத்திரியே மூன்று பேர் என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஆளுங்களை நாமே காட்டிக்கொடுக்கலாமா சார், பொண்ணுகிட்ட எடுத்துச் சொல்லுங்க" என்றார்கள். நானும் உன்னைக் கூப்பிட்டு, "நமக்கு எதுக்கும்மா வம்பு, விட்டுடு" என்றேன். நீ பதில் பேசாமல் வைத்துவிட்டாய். நாலு நாளாக எனக்குத் தூக்கமில்லை. படுத்தால் உஜ்ஜல் தோசாஞ் ஞாபகம்தான் வருகிறது.

2000-ல் நம் மாகாணத் தலைநகர் விக்டோரியாவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? உனக்குப் பத்து வயது. சுவாசன் துறையில் ஃபெர்ரி ஏறி, அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை மேல்தளத்தில் காற்றில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அங்கேதான் அவர் கதையை உனக்குச் சொன்னேன். சட்டமன்றப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்ததும் கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தாய். காவலர் உட்காரச் சொன்னார். "அப்பா, தழும்பு தெரியலையே" என்று என் காதில் கிசுகிசுத்தாய். கீழே பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரதமராக அவர் பேசிக்கொண்டிருந்தார். கனடாவில் ஒரு மாகாணத்துக்குப் பிரதமரான முதல் இந்திய வம்சாவளிக்காரர் அவர்.

அந்தத் தழும்பின் கதையில் அன்று நான் உனக்குச் சொல்லாத பகுதி ஒன்று உண்டு.

1984-ல் நான் வான்கூவர் வந்தபோது 49-வது தெருப் பக்கம் ஒரு சர்தார்ஜி வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். மர மில்லில் வேலை பார்த்தவர். வலது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கும். பாபாஜி என்று கூப்பிடுவேன். அது கெட்ட காலம். ஜூனில் பொற்கோயிலில் ராணுவம் நுழைந்தது, அக்டோபரில் இந்திரா காந்தி கொலை, அப்புறம் டெல்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். இங்கே எல்லார் வீட்டிலும் கோபமும் துக்கமும். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு சிலர் கத்தியையும் துப்பாக்கியையும் பற்றி வெளிப்படையாகவே பேச ஆரம்பித்தார்கள். தோசாஞ் அப்போது வக்கீல். அவரும் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர், ஜலந்தர் பக்கத்துக் கிராமத்துக்காரர், மர மில்லில் வேலை பார்த்துவிட்டுப் படித்தவர். வன்முறை வேண்டாம் என்று பெயர் போட்டே பேசினார்.

1985 பிப்ரவரியில் அவருடைய அலுவலகத்து கார் நிறுத்துமிடத்தில் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். கை உடைந்தது. தலையில் சுமார் 80 தையல்.

ரேடியோவில் அந்தச் செய்தி வந்தபோது நான் பாபாஜியின் அடுப்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய் முதலில் ஜன்னலைச் சாத்தினார். பிறகு ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். அந்தப் பாதி விரல்களால் குமிழைத் திருப்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. "அந்தப் பையன் சொன்னது சரி" என்றார், தணிந்த குரலில். "வெளியே சொல்லாதே" என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்த வாரம் வேலையிடத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

நாலு மாதம் கழித்து, ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுவானில் குண்டு வெடித்து விழுந்தது. 329 பேர் இறந்தார்கள். வெடிகுண்டுப் பெட்டி ஏற்றப்பட்டது நம் வான்கூவர் விமான நிலையத்தில். ஸ்டான்லி பார்க்கில் குழந்தைகள் விளையாடும் இடத்தை ஒட்டி, இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த சுவர் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திய சத்தம் எனக்குக் கேட்கும்.

தோசாஞ் அதற்குப் பிறகும் வாயை மூடவில்லை. 1979-லும் 1983-லும் தேர்தலில் நின்று தோற்றவர், 1991-ல் வான்கூவர்-கென்சிங்டனில் ஜெயித்தார். 1907-ல் இந்த மாகாணம் இந்தியர்களின் ஓட்டைப் பறித்தது, 1947-ல்தான் திருப்பிக் கொடுத்தது. முதல் சீக்கியர் மோ சிகோட்டா சட்டமன்றத்துக்குள் போக 1986 ஆனது. அதனால்தான் 1991-ல் பாபாஜி ஓட்டுப் போட்டுவிட்டு வந்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "உஜ்ஜலுக்குப் போட்டேன்" என்றார்.

தோசாஞ் செய்ததெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். 1995-ல் அட்டர்னி ஜெனரல், அதாவது மாகாணச் சட்ட அமைச்சர், ஆன சமயம் குஸ்டாஃப்சன் ஏரியில் பூர்வகுடி மக்கள் நிலத்தை விட்டு வெளியேற மறுத்தார்கள். அவர்களைச் சுற்றிக் கவச வண்டிகளோடு நூற்றுக்கணக்கான போலீஸ் நின்றதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் 1999-ல் தன் கட்சிப் பிரதமர் கிளென் கிளார்க் மீதே குற்ற விசாரணை நடக்கிறது என்று இவர்தான் மாகாணத்துக்கு அறிவித்தார். கிளார்க் மறுநாள் விலகினார். பிறகு 2002-ல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது, அதையும் சொல்லவேண்டும். விஷயம் தெரிந்தபின் அதை மூடிவைக்க தோசாஞ் தயாராக இல்லை. கட்சிக்குள் எத்தனை பேர் அவரை 'காட்டிக்கொடுத்தவன்' என்று திட்டியிருப்பார்கள்!

2000 பிப்ரவரியில் பிரதமர் ஆனார். 2001 தேர்தலில் 79 இடத்தில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 2. அவர் தொகுதியும் போயிற்று. பிறகு கட்சி மாறி ஒட்டாவா போய் மத்திய சுகாதார அமைச்சர் ஆனார். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பாப்பா, வெள்ளைக்காரர்கள் நம்மை அவமதித்தால் எதிர்த்துப் பேசு என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்தேன். நம்மவர் தப்பு செய்தால் என்ன செய்வது என்று சொல்லித்தரவே இல்லை. எனக்கே தெரியவில்லை, அதுதான் காரணம். நீ அதைத் தானாகவே கற்றுக்கொண்டாய். உன்னை வாயடைக்கப் பார்த்தது என் தப்பு. மன்னித்துவிடு.

இன்று காலை அந்த மூன்று பேரையும் நானே கூப்பிட்டேன். "என் பொண்ணு கேட்டதுல தப்பு இல்லை, கணக்கைக் காட்டுங்க" என்றேன். ஒருத்தர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். மற்ற இருவரிடமும் பத்து நிமிஷம் பேசினேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று எழுது. டிக்கெட் போட்டுக்கொண்டு வருகிறேன், உன் பக்கத்து நாற்காலியில் உட்கார.

உன்
அப்பா