புராஜெக்ட்டை இன்னொரு கணினியில் ஓட்டச் சொல்லிப் பாருங்கள்

வடசென்னைக் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன், வெப் அப்ளிகேஷன் எழுதுவது என் தொழில். உங்களிடம் படிக்கும் பிள்ளைகள் சிலர் வார இறுதியில் எங்கள் வீட்டு மாடியில் கூடி கோட் எழுதுவார்கள். அவர்களில் ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

காசிமேட்டில் மீன் எடுத்து வீடுவீடாகக் கொடுக்கும் ஓர் அண்ணனுக்கு அவன் ஆர்டர் எடுக்கும் தளம் செய்து கொடுத்திருந்தான். சனிக்கிழமை இரவுக்குள் ஆர்டர் வரும். விடியுமுன் அண்ணன் துறைமுகத்துக்குப் போவார். ஜூன் 14-இல் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் திரும்பத் தொடங்கியிருந்த சமயம். சனி இரவு 11 மணிக்குத் தம்பி தன் லேப்டாப்பில், தளம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஓட்டினான். அந்த டெஸ்ட் முதலில் ஆர்டர் டேபிளைக் காலி செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அவனுடைய கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் முகவரி இரண்டு வரிகளில் இருந்தது: ஒன்று லேப்டாப்புக்கு, மற்றது நிஜ சர்வருக்கு. வேண்டாத வரி இயங்காதபடி அதற்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு மாற்றி மாற்றி வைத்துக்கொள்வான். அன்று மாலை ஒரு பிழையைத் தேட சர்வர் வரியைத் திறந்தவன், மூட மறந்துவிட்டான். டெஸ்ட் நிஜ சர்வரின் ஆர்டர்களையே அழித்துவிட்டது. முந்தைய நாள் இரவு எடுத்த பேக்கப்பில் சனிக்கிழமை ஆர்டர் ஒன்றுகூட இல்லை. "வஞ்சிரம் யாரு கேட்டாங்கன்னே தெரியலியே தம்பி" என்று அண்ணன் போனில் சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தேன். அவர் திட்டவில்லை. பையன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. லேபில் ஸாம்ப் (சொந்தக் கணினியிலேயே சர்வரும் டேட்டாபேஸும் ஓட்டும் மென்பொருள்) போட்டு, லோக்கல்ஹோஸ்ட், ரூட், காலி பாஸ்வேர்ட் என்று கோடுக்குள்ளேயே எழுதி, ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கியவன் அவன். ஒரே கோட் லேப்டாப்பிலும் சோதனை சர்வரிலும் நிஜ சர்வரிலும் ஓட வேண்டும், இடத்துக்கு இடம் மாறுவதெல்லாம் கோடுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று மூன்றாண்டில் யாரும் அவனிடம் சொன்னதில்லை.

ஆகவே இறுதியாண்டு ரிவ்யூவில் ஒன்றைச் சேர்க்கக் கேட்கிறேன். மாணவர் எழுதிய கோட் முழுவதையும் கிட்டிலிருந்து (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) லேபின் வேறொரு கணினியில் இறக்குங்கள். ஒரு வரியைக்கூடத் திருத்தாமல், சூழல் மாறிகளை (கோடுக்கு வெளியிலிருந்து கணினி தரும் மதிப்புகள்) மட்டும் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். ஒரு மாறியை வேண்டுமென்றே கொடுக்காமலும் விட்டுப் பாருங்கள். நல்ல அப்ளிகேஷன் 'டேட்டாபேஸ் முகவரி இல்லை' என்று சொல்லி அங்கேயே நிற்கும். கோடில் முன்பே எழுதி வைத்த ஏதோ ஓர் இயல்பு மதிப்பை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடினால் அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். அந்த அமைதிதான் ஆபத்து.

அடுத்து, கிட் வரலாற்றைத் திறந்து பாருங்கள். சூழல் மாறிகளை எழுதி வைக்கும், ரகசியம் உள்ள .என்வ் (.env) கோப்பு, கிட் சேர்க்காமல் விட வேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் இருக்க வேண்டும். மதிப்புகள் இல்லாத மாதிரிக் கோப்பு மட்டும் கிட்டுக்குள் போகலாம். ஒருமுறை உள்ளே போன பாஸ்வேர்டைப் பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிவில்) அது அப்படியே இருக்கும். அந்த பாஸ்வேர்டையே, சாவியையே மாற்றுவதுதான் வழி. 'பிரைவேட் ரெப்போதானே சார்' (அனுமதி உள்ளவர் மட்டும் பார்க்கும் கோட் கிடங்கு) என்பார்கள். ஊபரின் பொறியாளர்கள் பயன்படுத்திய பிரைவேட் கிட்ஹப் ரெப்போவில் கிடைத்த சாவியை வைத்துத்தான் 2016-இல் ஹேக்கர்கள் 5.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்தார்கள்.

ரியாக்ட், வீட் (Vite) என்று வலைப்பக்கம் கட்டும் கருவிகளில் எழுதும் பிள்ளைகளிடம் இன்னொரு குழப்பத்தைப் பார்க்கிறேன். .என்வ் கோப்பில் போட்டால் ரகசியம் என்று நினைக்கிறார்கள். 'VITE_' என்று தொடங்கும் மாறியின் மதிப்பு பில்ட் செய்யும்போதே, அதாவது பிரவுசருக்கான கோப்புகளாக மாற்றும்போதே, ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் பதிந்துவிடும். பிரவுசரைத் திறக்கும் எவரும் படிக்கலாம். பில்ட் முடிந்தபின் சர்வரில் மாறியை மாற்றினாலும் பக்கம் பழைய முகவரிக்கே போகும். ஒரே பில்ட் எல்லா இடத்திலும் ஓட வேண்டுமென்றால், பக்கம் திறக்கும்போது ஒரு சிறிய ஜேசன் கோப்பிலிருந்து முகவரியைப் படிக்க வைக்கலாம். அதிலும் ரகசியம் கூடாது.

புதுப் பாடத்திட்டமோ செலவோ இதற்கு வேண்டாம். ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் போதும். கல்லூரி முடிக்குமுன்பே நம் பிள்ளைகள் எம்.சி. ரோடு துணிக்கடைக்கும் வியாசர்பாடி டியூஷன் சென்டருக்கும் தளம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கடைக்காரர்களிடம் இரண்டாவது நகல் கிடையாது.

அந்தத் தம்பி இப்போது டெஸ்ட்டுக்குத் தனி டேட்டாபேஸ் வைத்திருக்கிறான். அதன் பெயரில் 'டெஸ்ட்' என்ற சொல் இல்லையென்றால் அவனுடைய டெஸ்ட் தொடங்கவே மறுக்கும். உங்கள் லேபுக்கு வந்து அதைச் செய்து காட்ட அவனும் நானும் எந்தச் சனிக்கிழமையும் தயார்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மென்பொருள் பணியாளர்