அடுத்தவன் பாட்டை நோண்டுறதுன்னு சொன்னேன்ல

பாப்பா,

போன்ல பேசினா நீ அவசரத்துல இருப்ப, எனக்கும் பாதி மறந்துடும், அதான் டைப் பண்றேன். நீ அனுப்புன ரீமிக்ஸை மொதல்ல போன் ஸ்பீக்கர்லதான் கேட்டேன், என்னடா இது வெறும் டிக்கு டிக்குனு இருக்குன்னு தோணுச்சு, அப்புறம் புத்தி வந்து பழைய ஆம்ப்ளிஃபயரை எடுத்து தூசி தட்டி பெரிய ஸ்பீக்கர்ல போட்டேன், ஜன்னல் கண்ணாடி ஆடுதுன்னு உங்கம்மா ஓடி வந்துட்டா.

கிக் ட்ரம் விழுற ஒவ்வொரு தடவையும் பேஸ் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டுட்டு திரும்ப எழும்பி வருது, ஸ்பீக்கர் கோன்ல விரல் வச்சுப் பாத்தேன், நல்லாவே தெரியுது. சைட்செயின்னு நீ அன்னைக்கு சொன்னது இதுதானே? ரெண்டும் ஒரே இடத்துல முட்டிக்கிட்டா கொழகொழன்னு ஆயிடும்னு சொன்ன, நான் காதுலயே வாங்கல. மூணு நாளா ஒரே டும் டும்மை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியேன்னு கத்துனேன், அடுத்தவன் பாட்டை நோண்டுறது ஒரு வேலையான்னும் கேட்டேன். அதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

கிங் டப்பின்னு ஒருத்தரைப் பத்தி படிச்சேன். ஜமைக்கால கிங்ஸ்டன்ல ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்ண மனுஷன், நம்ம தொழில்! 1970கள்ல பாட்டுல இருந்து குரலை உருவிட்டு, ட்ரம்ஸையும் பேஸையும் முன்னாடி இழுத்து, எக்கோ விட்டு, மிக்சரையே வாத்தியம் மாதிரி வாசிச்சிருக்கார். நானும் காலம் பூரா சால்டரிங் அயர்ன் பிடிச்ச ஆளுதான், எனக்கு ஒண்ணும் தோணல பாரு. அப்புறம் ஃப்ராங்கி நக்கிள்ஸ்னு ஒரு டிஜே, 1977ல சிகாகோ வேர்ஹவுஸ் கிளப்ல ரெக்கார்ட் போட ஆரம்பிச்சவர், கிராமில ரீமிக்சருக்குன்னு தனி விருது வந்தப்ப மொதல் ஆளா அதை வாங்குனது 1998ல. இருபது வருஷம் தாண்டிடுச்சு. நான் உனக்கு ரெண்டு வருஷம் டைம் குடுத்தேன்.

இப்ப காசு விஷயம், கோச்சுக்காத. ரீமிக்ஸ்க்கு பெரும்பாலும் ஒரே தடவை ஃபீஸ் குடுத்து முடிச்சிடுவாங்க, நீ கார்ட்ஸ் (chords), பீட்டு எல்லாத்தையும் புரட்டிப் போட்டாலும் பாட்டு எழுதுனவங்க பங்குல உனக்கு தானா ஒரு பைசா வராது, ராயல்டி வேணும்னா பேசித்தான் வாங்கணும். அதனால வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை தடவை திருத்தித் தரணும், அவங்க ரிலீஸே பண்ணலன்னா என்ன குடுப்பாங்க, எல்லாம். நான் ஒருத்தர் வாய்ப்பேச்சை நம்பி ஒரு பெரிய ஹாலுக்கு சவுண்ட் சிஸ்டம் முழுசா சரி பண்ணிக் குடுத்தேன், அப்புறம் பாத்துக்கலாம்னார், இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

கிளப்ல இயர்ப்ளக் போடு. 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் நிக்கலாம்னா 100ல கால் மணி நேரம்தான் கணக்கு. எனக்கு இப்ப ராத்திரில இடது காதுல விசில் அடிக்குது, உங்கம்மாகிட்ட சொல்லல.

அவளுக்கு ஒரே குறை, மொதல் ஒரு நிமிஷம் வெறும் பீட்டாவே ஓடுதாம், பாட்டு எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே நின்னா. டிஜே முந்தின பாட்டோட ஒட்டுறதுக்கு அந்த இடம் வேணும்னு நான்தான் பெரிய ஆளு மாதிரி வெளக்கம் சொன்னேன்.

அடுத்தது அனுப்புறப்ப எம்பித்ரீ வேணாம், வேவ் ஃபைலா அனுப்பு. ஆம்ப்ளிஃபயரை இன்னும் உள்ள எடுத்து வைக்கல.

அப்பா