பழைய ரேஸர் வாங்கப் போகும் முருகனுக்கு

அன்புள்ள முருகா,

உன் கடிதமும் ரேஸர்களின் நான்கு படங்களும் வந்தன. மகளுக்குக் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி, என் வாழ்த்தைச் சொல்லிவிடு. சனிக்கிழமை நீ அந்த எஸ்டேட் சேலுக்கு, அதாவது ஒரு வீட்டின் பழைய சாமான்களை மொத்தமாக விற்கும் இடத்துக்கு, போவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் மற்ற விஷயங்களை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நான்காவது படத்தை ஒதுக்கிவிடு. அது ஜெம் மைக்ரோமேட்டிக். ரேஸர் நல்ல ரேஸர்தான், ஆனால் நம்மூர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் இரட்டை முனை பிளேடு அதற்குள் போகாது. ஒரு பக்கம் மட்டும் கூராகவும் மறுபக்கம் தடித்த முதுகாகவும் உள்ள ஜெம் பிளேடு வேண்டும். உங்கள் ஊரில் அது இன்னும் கிடைக்கிறது. இங்கே வந்து இரண்டு மாதம் இருக்கும்போது என்ன செய்வாய்? ஷிக் இன்ஜெக்டருக்கும் இதே கதை. ஜில்லெட் டெக்மாட்டிக் என்று ஒன்று தென்பட்டால் தொடவே தொடாதே. அதில் பிளேடு நீண்ட நாடாவாகச் சுருண்டு ஒரு பெட்டிக்குள் இருக்கும். அந்த நாடாவைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ‘என்ன பிளேடு போகும்?’ என்பதுதான் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. விலை அப்புறம்.

இப்போது முதல் படத்தில் உள்ள அந்தத் தங்க நிற ரேஸர். அடித்தட்டில் சீப்புப் பல், மேல்மூடியில் மூன்று குமிழ் முளை, ஆக அது ஜில்லெட்டின் பழைய வகை. இன்றைய பிளேடு அதில் தாராளமாக உட்காரும். ‘1904 என்று பொறித்திருக்கிறது, நூற்றிருபது வயது’ என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அது 1904 நவம்பர் 15 அன்று கிடைத்த காப்புரிமையின் தேதி. அதற்குப் பிறகு பல வருடம் செய்த ரேஸர்களிலும் அதே தேதியைத்தான் பொறித்தார்கள். அதற்காக அதிகம் கொடுக்காதே.

இந்த வகையில் கெட்டுப்போவது இரண்டு இடம். ஒன்று, கைப்பிடி. உள்ளே குழலாக இருக்கும் மெல்லிய பித்தளை, வருஷக்கணக்கில் இறுக்கி இறுக்கி, தலை பொருந்தும் முனையிலிருந்து நீளவாக்கில் மயிரிழைபோல் விரிசல் விடும். படத்தில் பார்த்தால் கீறல் என்று நினைப்பாய். நகத்தை வைத்து ஓட்டு, நகம் மாட்டினால் விரிசல். அதோடும் சவரம் செய்யலாம், ஆனால் ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் கொஞ்சம் விரியும். இரண்டு, சீப்புப் பல். கீழே விழுந்தால் மூலைப் பல்தான் முதலில் வளையும். ஒரு பல் உள்ளே மடங்கியிருந்தாலும் அந்த இடத்தில் பிளேடு தோலில் அதிகமாகப் பதியும், ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் ரத்தம் வரும். குறடு வைத்து நிமிர்த்தலாம் என்று தோன்றும். முலாம் வெடிக்கும், சில சமயம் பல்லே கையோடு வரும். வேண்டாம்.

தங்க முலாம் பற்றி ஒரு வார்த்தை. அது சவ்வு போல மெல்லியது. கைப்பிடியில் விரல் படும் இடத்தில் பித்தளை தெரிந்தால் அது வெறும் தேய்மானம், சவரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலும் பெரும்பாலும் வெளுத்துவிடும். களிம்புக்கு அடியில் குழி விழுந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிளேடு படியும் தட்டில் குழி இருந்தால் விட்டுவிடு.

மூன்றாவது படம் ஜில்லெட்டின் ஸ்லிம் அட்ஜஸ்டபிள், 1960களின் சரக்கு. கீழ்க் குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவு விரியும், கழுத்தில் 1 முதல் 9 வரை எண் வளையம். எண் கூடக் கூட பிளேடுக்கும் அதன் கீழ்ப் பட்டைக்கும் இடையே உள்ள சந்து அகலமாகும். அமெரிக்க ஜில்லெட்டில் 1950இன் கடைசியிலிருந்து தலைக்கு அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டு, எண் காலாண்டு. ‘ஏ’ என்றால் 1955, அங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாக எண்ணிக்கொள். ‘டி 4’ 1958இன் கடைசி மூன்று மாதம்.

‘வளையம் கொஞ்சம் இறுக்கம்’ என்று விற்பவர் சொல்வதைப் பார்த்துப் பயப்படாதே. பெரும்பாலும் உள்ளே காய்ந்து கல்லாகிப்போன சோப்புதான் காரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஊறவைத்து, கதவைத் திறந்து மூடி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, மறுபடி ஊறவை. இரண்டு மூன்று சுற்றில் இளகும். பிறகு மினரல் ஆயில் ஒரு சொட்டு போதும். குமிழில் குறடு கடித்த தடம் இருக்கிறதா என்று மட்டும் பார். இருந்தால் உனக்கு முன்னால் யாரோ பொறுமையில்லாமல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள், உள்ளே எது வளைந்திருக்கிறது என்று பிரிக்காமல் தெரியாது. எண்ணை மாற்றும்போது கதவைக் கால் சுற்று தளர்த்திவிட்டு மாற்று, முழு இறுக்கத்தில் திருகாதே.

கடையில் நின்றபடியே செய்ய வேண்டிய சோதனை இது. புது பிளேடு ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டு போ. போட்டு, முழுக்க இறுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே தலையைக் கண் மட்டத்தில் பிடி. இரண்டு பக்கமும் விளிம்பு ஒரே அளவு நீட்டியிருக்க வேண்டும். கீழே தெரியும் ஒளிக்கோடு இடமிருந்து வலம் வரை ஒரே தடிமனில் ஓட வேண்டும். கோணலாக இருந்தால் உடனே ரேஸரைக் குறை சொல்லாதே. பிளேடை எடுத்து அரை வட்டம் திருப்பிப் போடு. கோணலும் கூடவே திரும்பினால் குற்றம் பிளேடில். கோணல் அதே பக்கத்தில் நின்றால் ரேஸரின் பட்டையோ கதவோ வளைந்திருக்கிறது. ஸ்லிம்மில் எண் 1இலும் 9இலும் இரண்டு தடவை பார். சந்து கண்ணுக்குத் தெரிய மாறாவிட்டால் அது வெறும் அலங்காரம். கதவு இரண்டும் ஒரே நேரத்தில் மூட வேண்டும், மூடிய பிறகு ஆடக் கூடாது. விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இரண்டாவது படத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், காரணத்தோடுதான். மூன்று துண்டு, கறுத்துப்போன நிக்கல், பெட்டி இல்லை, யாரும் திரும்பிப் பார்க்காத ஜில்லெட் டெக். 1938இல் வந்த வடிவம். மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி, அவ்வளவே. கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. மரை தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். போர்க்காலத்துச் சரக்கில் எஃகு கலந்து வரும், அது துருப்பிடிக்கும். குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்று போதும், பட்டென்று பலமாகப் பிடித்தால் எஃகு. முதலில் இதை வாங்கு. தோலை வெட்டுவது குறைவு, மிதமான ரேஸர், விலையும் மற்ற இரண்டுக்கும் கீழேதான் இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் சுத்தம் செய்யும் வரிசை: முதலில் சோப்புத் தண்ணீரும் பல்துலக்கியும். அழுக்கு முழுக்கப் போன பிறகுதான் 70 சதவிகித ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் முக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் கிருமிநாசினி உள்ளே இறங்காது. கொதிக்க வைக்காதே, முலாமும் எண்களின் சாயமும் போய்விடும். பித்தளைதானே என்று வீட்டில் யாராவது புளியைப் போட்டுத் தேய்த்துவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை! குத்துவிளக்குக்குப் புளி சரி, முலாம் பூசியதற்கு அது எமன். பற்பசையும் கூடாது, தங்கத்தை அது அரைத்து எடுத்துவிடும்.

ஸ்லிம் கிடைத்தால் எண் 3இல் ஆரம்பி, அழுத்தாதே, ரேஸரின் எடையே வேலையைச் செய்யும். வெட்டினால் படிகாரம் இருக்கவே இருக்கிறது.

சனிக்கிழமை இரவே எழுது. டெக்கின் அடித்தட்டில் இரண்டு ஓரத்திலும் முக்கோணத் துளை இருக்கிறதா என்று மறக்காமல் பார்த்துச் சொல். படத்தில் அந்தப் பக்கம் தெரியவில்லை. துளை இருந்தால் அது ஆரம்பகாலத்து டெக்.

அன்புடன்,
சேகர்