புள்ளியும் கமாவும் இல்லாமல் ஸ்வரங்களை அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு சிறுவர் இணைப்பில் சில வாரங்களாக வரும் இசைப் பாடத்தைத் தவறாமல் படித்து வருகிறேன். பாட்டு வாத்தியாரே இல்லாத ஊர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நாளிதழ் ஸ ரி க ம சொல்லிக் கொடுக்க முன்வந்தது பெரிய காரியம். அது நன்றாக நடக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் எழுதுகிறேன்.

முதல் பயிற்சியான சரளி வரிசை வரை பாடம் சரியாகவே போனது. எளிய முதல் பாட்டான கீதம் தொடங்கியதும் தடுமாறுகிறது. எழுத்துகள் மட்டும் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. ஸ்வரம் எந்த ஸ்தாயி, அதாவது எந்த உயரம், என்று காட்டும் ஸ்தாயிப் புள்ளி, நீட்டலைக் காட்டும் கமா, தாளத்தைப் பிரித்துக் காட்டும் தாளக் கோடு மூன்றையும் காணவில்லை. சரளி வரிசையில் புள்ளி விட்டுப்போனாலும் பரவாயில்லை. ஸ ரி க ம ப த நி என்று ஏறிக்கொண்டே போகும்போது கடைசி ஸ மேல் ஸ்தாயி என்பதைப் பிள்ளையின் காதே சொல்லிவிடும். கீதத்தில் அது நடக்காது.

போன வாரம் வந்த மலஹரி ராகக் கீதத்தையே பாருங்கள். தொடக்கம் ‘ம ப த ஸ ஸ ரி’, அடுத்து ‘ரி ஸ த ப ம ப’. நடுவில் உள்ள ஸ ஸ ரி ரி ஸ ஐந்துமே மேல் ஸ்தாயி. மலஹரியில் நிஷாதம் (நி) கிடையாது என்பதால் த-வை விட்டதும் நேராக மேல் ஷட்ஜம்தான் (ஸ). அந்த ஏற்றத்தில்தான் கீதத்தின் களையே இருக்கிறது. தலைக்கு மேல் புள்ளி இல்லாவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? த-விலிருந்து சடாரென்று கீழ் ஸ-வுக்கு இறங்கும். என்னிடம் வீணை கற்கும் ஒரு சிறுமி உங்கள் தாளை வைத்துக்கொண்டு அப்படித்தான் வாசித்தாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. தாளில் இருந்ததை அப்படியே வாசித்தாள்.

அதே கீதத்தில் பின்னால் வரும் ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்:

ஸ ரி | ம , க ரி || ஸ ரி | க ரி ஸ , ||

ரூபக தாளம். அதன் அங்கங்களில் திருதத்துக்கு 2, லகுவுக்கு 4, ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 6 அட்சரம் (தாள எண்ணிக்கை). கமா என்றால் முந்தின ஸ்வரத்தை இன்னும் ஓர் அட்சரம் நீட்ட வேண்டும். இந்த இரண்டு கமாக்களையும் நிறுத்தக்குறி என்று நினைத்து யாரோ எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. 12 அட்சரம் 10 ஆகிவிட்டது. வாய் ஒரு பக்கம் போக, தாளம் போடும் கை வேறு பக்கம் போகும். ஆரம்பத்தில் இப்படிப் பழகிய கையைத் திருத்துவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் பாட்டு சொல்லிக் கொடுத்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

மெய்ப்புப் பார்ப்பவருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரட்டைக் கோட்டுக்கும் இரட்டைக் கோட்டுக்கும் நடுவில் எண்ணிப் பார்த்தால் போதும். குறில் ஒன்று, நெடில் இரண்டு, கமா ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. இந்தக் கீதத்தில் எங்கே எண்ணினாலும் 6 வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ஸ-வின் மேல் புள்ளி வைத்தால் ஒற்றெழுத்துப் போலத் தெரிகிறதே என்று தயங்கினால், மேல் ஸ்தாயியைத் தடித்த எழுத்தில் போட்டு, பாடத்தின் தலைப்பில் அதைச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. மலஹரி 15-ஆவது மேளமான (தாய் ராகமான) மாயாமாளவகௌளையில் பிறந்த ராகம் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான், ஆனால் வீட்டில் ஒரு சின்னக் கீபோர்டை வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது. சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், சுத்த தைவதம் என்று பெயர் சொல்லுங்கள். அப்புறம் கட்டைக் கணக்கில் (வெள்ளைக் கட்டை முழு எண், கறுப்பு அரை) ஸ ஒரு கட்டை என்றால் ரி ஒன்றரை, க மூன்று, ம நான்கு, ப ஐந்து, த ஐந்தரை என்றும் போடுங்கள். பிள்ளை விரலை வைத்துவிடும்.

நம் சங்கீதம் குருமுகமாக வருவது, தாளில் எழுதி ஆகப்போவது என்ன என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். தோடி ராகத்தின் அசையும் காந்தாரத்தை ‘க’ என்று ஓர் எழுத்தில் எழுதிவிட முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் எந்த ஸ்வரம், எந்த ஸ்தாயி, எத்தனை அட்சரம் என்ற மூன்றும் எழுத்தில் அடங்கும். கமகத்தையும், அதாவது ஸ்வரத்தின் அசைவையும், எழுதிக் காட்ட முயன்றவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் ஸ்வரங்களோடு கம்பிதம், ஸ்புரிதம், ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. தெலுங்கு லிபியில், எட்டயபுரத்து அச்சகத்திலேயே, ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சிட்ட நூல் அது. அவரை எழுதச் சொல்லி விடாமல் வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார். தியாகராஜர் கீர்த்தனைகளை ஐந்து கோட்டு மேல்நாட்டு முறையில் எழுதி 1890-களிலேயே சென்னையில் அச்சிட்டவர். அந்த வசதிகளை வைத்துக்கொண்டு அவர்கள் அத்தனை குறிகளையும் போட்டார்கள். நமக்கு வேண்டியது ஒரு புள்ளியும் ஒரு கமாவும் இரண்டு கோடுகளும்தான்.

இடம் போதாது என்றால் கீதத்தில் பாதியைப் போடுங்கள், மீதியை அடுத்த வாரம் போடலாம். போடுகிற பாதி முழுக் குறிகளோடு இருக்கட்டும். போன வாரக் கீதத்தைத் திருத்தி மறுபடி வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பழைய தாளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் அதன்மேல் புதியதை ஒட்டிக்கொள்வார்கள். அச்சுக்குப் போகும் முன் பாடத்தை எனக்கு அனுப்பினால் அன்றைக்கே பார்த்துத் தருகிறேன். அதற்கு எனக்குப் பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியை,
கோவில்பட்டி