ஃபிரெஸ்னோவின் பந்தயக்காரர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இங்கே கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது. திராட்சைத் தோட்டங்களில் கொடி வரிசைகளுக்கு நடுவே காகிதத்தை விரித்து, பறித்த குலைகளை அதன்மேல் காயப் போட்டிருக்கிறார்கள். வேலை, சாப்பாடு எல்லாம் சரியாகவே போகிறது.

பட்டறை வைத்திருக்கும் உங்களிடம் இந்த ஊரில் வளர்ந்த கார் பந்தய ஓட்டுநர் பில் வுக்கோவிச் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெற்றோர் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த செர்பியர்கள். 14 வயதில் தகப்பனை இழந்து, படிப்பை விட்டு, சகோதரரோடு சேர்ந்து குடும்பத்தைத் தாங்கியவர். அப்புறம் மிட்ஜெட் என்ற குட்டிப் பந்தயக் கார்களை ஓட்டி, 1950-இல் தேசிய சாம்பியன் ஆனார்.

இண்டியானாபொலிஸ் கார் பந்தயம் 200 சுற்று, சுமார் 800 கிலோமீட்டர். 1952-இல் 150 சுற்றுகள் இவர்தான் முன்னால். முடிய பத்துச் சுற்றுகூட இல்லாதபோது ஸ்டீயரிங் இணைப்பில் ஒரு சின்ன பாகம் உடைந்தது. வண்டியைச் சுவரோடு உரசியபடி நிறுத்தி, யாருக்கும் காயம் இல்லாமல் இறங்கினார். அந்த நிதானம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வண்டியைப் பற்றிக் கேளுங்கள்: நாலு சிலிண்டர் ஆஃபன்ஹவுசர் இன்ஜின், கார்புரேட்டர் கிடையாது, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். இன்ஜின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் ஓட்டுபவருக்குப் பக்கவாட்டில் போவதால் ஆள் தாழ உட்காரலாம். மறு வருஷம் அதே வண்டியில் 195 சுற்றுகள் முன்னால் ஓடி ஜெயித்தார். அன்றைய அனலில் கார்ல் ஸ்கார்பரோ என்ற ஓட்டுநர் இறந்தே போனார். பலர் பாதியில் வேறு ஆளிடம் வண்டியைக் கொடுத்தார்கள். இவர் கடைசிவரை இறங்கவே இல்லை. இந்த ஊர் வெயிலில் வேலை செய்து வளர்ந்த உடம்பு அல்லவா! 1954-இல் 19-ஆம் இடத்திலிருந்து கிளம்பி மறுபடியும் ஜெயித்தார்.

1955 மே 30. மூன்றாவது வெற்றிக்காக முன்னால் போய்க்கொண்டிருந்தார். 57-ஆவது சுற்றில், அவருக்கு முன்னே ஓடிய, சுற்றுக்கணக்கில் பின்தங்கிய வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் குறுக்கே வந்துவிட்டன. ஒதுங்க வழியில்லை. கார் வெளிச்சுவரைத் தாண்டிப் புரண்டு தீப்பிடித்தது. இறந்தபோது வயது 36தான். நினைத்தாலே மனசு கனக்கிறது, அண்ணா.

மகனும் அதே பந்தயத்தில் ஓட்டி 1973-இல் இரண்டாவதாக வந்தார். பேரன் 1990-இல் வேறொரு களத்தில் பயிற்சி ஓட்டத்தில் இறந்துபோனார்.

பட்டறைப் பையன்களுக்கு அந்த 1952 ஸ்டீயரிங் கதையை அவசியம் சொல்லுங்கள். அம்மாவின் கண் மருந்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி